மரக்காணத்துப் பூக்களும் ஓர் எழுத்தும்

பேசாமல் இருந்தது போதும். நீ போய் ஏழு மாதமாகிறது. உன் சாவுக்கும் நான் வரவில்லை. இன்று விழுப்புரம் வீட்டில் நம் பழைய நோட்டைப் புரட்டியபோது விரலில் முள் குத்தியது. தாள்களுக்கிடையே நசுங்கிக் கிடந்த இராவணன் மீசைப் புல்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனம் கல்லூரியில் நீ தாவரவியல், நான் தமிழ். ஞாயிறானால் மரக்காணத்துக்கு பஸ் ஏறுவோம். கடற்கரை மணலை ஒட்டிய புல்வெளியில் நீ பெயர் சொல்வாய், நான் எழுதுவேன். அடும்பு ஊதாவாகப் பூத்துப் படர்ந்திருக்கும். இராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோடும். நீ பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு துரத்துவாய்.

மீன்கூடையோடு போன அம்மா ஒருநாள் நின்றார். "இன்னா சார், புல்லு எண்ணிக்கினு கீறீங்க? ஊட்ல வேல இல்லியா?"

"இருக்குதும்மா. அதான் ஓடியாந்துட்டோம்" என்றாய்.

சிரித்தவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "அங்க கால் வெக்காத சார், ஆக்காட்டி குருவி முட்டை கீது!" நான் கூழாங்கல் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தையும் நோட்டில் குறித்தோம்.

பிறகு விழுப்புரத்தில் ஒரு கூட்டம். நம் பட்டியலை வாசித்துவிட்டு, "இவை நான் கண்டவை" என்றாய். மூன்றாம் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். 'நாம்' என்றிருக்கலாம். ஓர் எழுத்துதான். வெளியே வந்ததும் உன் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

சுனாமிப் பேரலை வந்து போன மறு வருஷம் என் வாசலில் நின்றாய். "அந்த நோட்ட குடுப்பா. அலையத் தடுக்கன்னு புல்வெளி பூரா சவுக்கு வெக்கப் போறானுங்க. எங்க எது பூக்குது, எங்க முட்டை வெக்குதுன்னு அதுலதான் கீது. ஆதாரம் கேக்கறானுங்க."

"தொலஞ்சு போச்சு" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால், அலமாரியில், அதன் சிவப்பு அட்டை தெரிந்தது. நீ பார்த்தாய். "சரிப்பா" என்று படியிறங்கினாய். நோட்டு இல்லாமல் நீ எழுதிக் கொடுத்ததை யாரும் மதிக்கவில்லை. வெறும் மணல் என்று சொல்லி நட்டுவிட்டார்கள்.

போன மாதம் அங்கே போனேன். சவுக்குக்கு அடியில் சருகைத் தவிர ஒன்றுமில்லை. வேலிக்கு வெளியே ஒரு கைப்பிடி அடும்பு. நெடுநேரம் நடந்தேன்; என்னைத் திட்டிக்கொண்டு எழும்ப ஓர் ஆக்காட்டிகூட இல்லை.

உன் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பொய்யும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. நோட்டை இந்தக் கடிதத்தோடு உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் 'நாம் கண்டவை' என்று எழுதியிருக்கிறேன். முள்ளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

கீழே பெயரெழுதப் பேனாவை வைத்தேன். என் பெயர் மட்டும் தனியாக நின்றால் அது மறுபடியும் 'நான்' ஆகிவிடும். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.