முதுகுப் பூட்டு

மார்ச் 4, செவ்வாய்

ஆள்காட்டி விரலில் நான்கு தையல். பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இடுக்கி எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

இன்றும் லேபிள் ஒட்டும் நாற்காலிதான். துணிக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் பேல் என்கிற பெரிய துணிக்கட்டுகளைப் பிரித்தவள், இப்போது உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறேன். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் சூப்பர்வைசருக்கு எங்களிடையே பெயரே விசில்தான். எல்லார் முன்னாலும் சொன்னார்: "வயசாச்சும்மா. கை நடுங்குது. மடக்குக் கத்தி இனிமே உங்களுக்கு வேணாம்."

"என் கை நடுங்கலை. கத்தியோட பூட்டுதான் நழுவிச்சு."

"அப்போ நிரூபிச்சுக் காட்டுங்க. பதினெட்டாம் தேதி வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா லேபிள்தான்."

காட்டுகிறேன்.

மார்ச் 5, புதன்

நடந்ததை மறக்குமுன் எழுதிவைக்கிறேன். பேல் அடுக்கின் மேல் ஏறி இறங்குகிறவர்களுக்கு மடக்கிச் செருகும் கத்திதான் சரி. மாப்பிள்ளை போன மாதம் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். விரல் வெட்டுப்பட்ட அன்று அதைப் பேலைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையில் கொடுத்து இழுத்தேன். விரித்த அலகை மடங்காமல் பிடிக்க வேண்டிய பூட்டு நழுவி, அலகு பிடியிலிருந்த என் விரலிலேயே இறங்கிவிட்டது.

செய்தி கேட்டுக் கண்ணாடிக் கடையிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்தார். லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. கையெல்லாம் வெள்ளைப் பொடி. வந்தவரைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில் சொன்னேன்: "மாமியாருக்குப் போலிக் கத்தி வாங்கிக் குடுத்த மாப்பிள்ளை உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் கைக்குட்டையை என் விரலில் சுற்றினார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் அத்தை" என்றார். அவ்வளவுதான்.

தையல் போட்ட நர்ஸுக்கு மட்டும் நன்றி சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

எனக்குத் தலைவார முடியாததால் மகள் இரண்டு தெரு தள்ளியிருந்து காலையில் வந்து வாரிவிட்டுப் போகிறாள். நேற்று வாரும்போது, வேறு கத்திகள் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

இன்று மாலை மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றி மூன்று கத்திகள். கண்ணாடி வாங்க வந்தவர்களிடமே கேட்டாராம். வாட்ச்மேனுடையது ஒன்று, எலக்ட்ரீஷியனுடையது ஒன்று, லாரி டிரைவருடையது ஒன்று.

"பத்து நாள்ல திருப்பிக் குடுக்கணும் அத்தை."

வாங்கிக்கொண்டேன். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

கத்தியைச் சோதிக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பூட்டுகளுக்குப் பெயர்களும் நானே வைத்தவை.

விரல் இருக்கும் இடத்தில் ஒரு கேரட் துண்டு. அலகின் முதுகை மேசை விளிம்பில் இருபது தட்டு. மடங்கினால் கேரட்டில் வெட்டு விழும்.

வாட்ச்மேன் கத்தி: பூட்டே இல்லை. ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்துவைக்கிறது. இரண்டாம் தட்டில் கேரட் போயிற்று. பழம் நறுக்கலாம், பேலுக்கு ஆகாது.

எலக்ட்ரீஷியன் கத்தி: பிடிக்குள்ளே மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அலகை விரித்ததும் அது நகர்ந்து அலகின் அடிக்கு முட்டுக் கொடுக்கிறது. இருபது தட்டுக்கும் அசையவில்லை. ஆனால் மடக்க வேண்டுமென்றால் தகட்டைத் தள்ளுகிற கட்டைவிரல் அலகு வரும் வழியில்தான் நிற்கிறது. இது என்ன புத்தி?

டிரைவர் கத்தி: கழுத்தில் ஒரு வளையம். திருகினால் இரும்பாக நிற்கிறது. திருக மறந்தால் வாட்ச்மேன் கத்திதான். நான் இரண்டு தடவை மறந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கிடங்கிலிருந்து பஞ்சுத்தூசி கொண்டுவந்து தகட்டுக் கத்திக்குள் திணித்துப் பார்த்தேன். தகடு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஐந்தாம் தட்டில் கேரட்டில் வெட்டு. எங்கள் வேலைக்கு இதுவும் ஆகாது. தூசியை ஊதி எடுத்து, எண்ணெய் விட்டு, பழையபடி ஆக்கிவைத்தேன். நம்பிக் கொடுத்தவர் பொருள்.

மகள் கூடையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, இந்த வீட்ல மட்டும் கேரட்டெல்லாம் ஏன் தழும்போட இருக்கு?"

மார்ச் 13, வியாழன்

இன்று என்னைக் கடித்த கத்தி. இதில் பூட்டு பிடியின் முதுகில் ஓடும் ஒரு நீள இரும்புக் கட்டை. முன்முனையில் உள்ள பல் அலகின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. பிடியின் பின்முனையில் கட்டையை அமுக்கினால் பல் மேலே எழும்பி அலகை விடும். முதுகுப் பூட்டு.

இருபது தட்டு. நாற்பது. பஞ்சுத்தூசியோடு இருபது. நூறு தட்டிவிட்டேன். கேரட்டில் கீறல்கூட இல்லை.

நான்கில் இதுதான் நல்ல கத்தி.

அப்படியானால்?

மார்ச் 14, வெள்ளி

நான்தான். ஐயோ, நான்தான்.

கட்டில் காலில் பட்டையைக் கட்டி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கிடங்கில் இழுப்பதுபோலவே இழுத்தேன். மூன்றாம் இழுப்பில் அலகு தளர்ந்து கையுறையில் வந்து விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். ஐந்தில் மூன்று முறை விழுந்தது. பிடியைத் தளர்த்தி இழுத்தால் ஒரு முறைகூட இல்லை.

கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையின் அடிமேட்டில் சிவப்பாக ஒரு கோடு. கட்டையின் பின்முனை பதிந்த கோடு. நான் நெரிப்பதுபோலப் பிடிக்கிறேன். என் கையே பூட்டைத் திறந்துவிட்டிருக்கிறது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று இறுக்கிப் பிடித்தே பழகிவிட்டேனே, இப்ப என்ன பண்றது? அந்த மனுஷனை என்ன பேச்சு பேசினேன்.

மார்ச் 15, சனி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17, திங்கள்

இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று தோன்றியது. கட்டையின் பின்முனையில், உள்ளங்கை படுகிற இடத்தைக் குழிவாகத் தேய்த்துவிட்டால்? உள்ளங்கை அந்தக் குழிக்கு மேலேயே நின்றுவிடும். வேண்டுமென்று கட்டைவிரல் நுனியைக் குழிக்குள் விட்டால்தான் திறக்கும்.

தேய்க்கும் சக்கரம் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேறு யாரிடமாவது இருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன்.

வேலை முடிந்து கண்ணாடிக் கடைக்குப் போனேன். கத்தியை நீட்டி, தேய்க்க வேண்டிய இடத்தை நகத்தால் காட்டினேன். மாப்பிள்ளை அந்த இடத்தைப் பார்த்தார், என் உள்ளங்கையைப் பார்த்தார். "எவ்வளவு ஆழம் வேணும் அத்தை?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கைக்குட்டை கட்டும்போதே உள்ளங்கையில அந்தக் கோட்டைப் பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மாட்டேன். அதனால்தான் தான் வாங்கித் தந்த கத்தியின் மேலேயே பழி கிடக்கட்டும் என்று விட்டு, மூன்று பேரிடம் கேட்டு வாங்கிவந்து என் வாசலில் நின்றிருக்கிறார். நானே கண்டுபிடிக்கட்டும் என்று. நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். சக்கரத்தின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

விசிலிடம் முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டேன்: "பூட்டு நழுவலை சார். இறுக்கிப் பிடிச்சு நானே திறந்துட்டேன்." பேல் வேலை போனாலும் போகட்டும், பொய்யில் நின்று அதைத் திரும்ப வாங்க மாட்டேன்.

"அதான் சொன்னேனேம்மா, வயசாச்சு" என்றார்.

"உங்க கத்திக்கும் இதே மாதிரி முதுகுலதானே பூட்டு? இந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டுப் பட்டையில நாலு இழுப்பு இழுங்க."

பலசாலி. இரண்டாம் இழுப்பிலேயே அலகு கையுறையில் வந்து படுத்துவிட்டது.

"உங்களுக்கும் வயசாச்சா சார்?" பின்னால் பேல் தூக்குகிறவர்கள் சிரித்ததில் விசில் முகம் சிவந்துவிட்டது. பிறகு என் கத்தியை வாங்கிப் பத்து முறை இழுத்தார். முழு பலத்தோடு. நின்றது.

குழியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை யாரு பண்ணது?"

"என் மாப்பிள்ளை."

"நாளையிலேர்ந்து பேலுக்கு வாங்க. என்னுதையும் அவர்கிட்ட குடுங்க." நல்ல மனிதர்தான். இத்தனை நாள் அப்படி எழுதவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மூன்று கத்திகளும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. தையலும் பிரித்தாயிற்று. மகளையும் மாப்பிள்ளையையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த கிடங்குப் பெண்கள் இருவரையும் வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு இவங்க முன்னாடிதான் பேசினேன். இன்னிக்கும் இவங்க முன்னாடியே சொல்றேன். கத்தி நல்ல கத்தி. பழி என் கை மேல."

"அம்மாவா பேசுறது?" என்றாள் மகள்.

மாப்பிள்ளை அன்றைப் போலவே தலையைக் குனிந்துகொண்டார். இன்று சிரிப்பை மறைக்க.

மார்ச் 24, திங்கள்

பத்தொன்பது பேல். உள்ளங்கையில் கோடு விழவில்லை.