எதிர்க்கடை

கோர்ஃபக்கான் கடல்,
18 ஜூலை 1987

என் லுல்வா,

ஸலாம். உன் வயிற்றில் இருப்பவருக்குத் தனியாக ஒரு ஸலாம். தலைகால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். என் கப்பல் ஜவ்ஹராவில் அமெரிக்கக் கொடி ஏறிவிட்டது! ஈரானும் இராக்கும் ஏழு வருடமாக அடித்துக்கொள்ள, நடுவில் நம் எண்ணெய்க் கப்பல்கள்தானே அடிவாங்கின? இனி யாராவது தொட்டுப் பார்க்கட்டும்.

எப்படிச் சாதித்தோம் தெரியுமா? உன் அப்பா கம்பளம் வாங்குவதைப் போலத்தான். அமெரிக்கன் கடையில் காவல் கேட்டோம். "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தான். எழுந்து எதிர்க்கடை ரஷ்யனிடம் நடந்தோம். அவ்வளவுதான், "அய்யா, நில்லுங்க!" என்று போர்க்கப்பலோடு ஓடிவந்தான். நம் எண்ணெய் நின்றால் ஜப்பானில் ஆலை ஓடாது, அவன் ஊரிலும் பெட்ரோல் விலை ஏறும் என்று அவனுக்குத் தெரியாதா? உள்ளங்கை அளவு குவைத், இரண்டு பூதங்களையும் ஓடவிட்டது!

கப்பலுக்குப் புதுப் பெயரும் எழுதிவிட்டார்கள். என் வாயில் நுழையவில்லை, வந்து சொல்கிறேன். இந்த ஒரு பயணம்தான். பிள்ளை பிறக்கும்போது உன் பக்கத்தில் இருப்பேன்.

உன் மிஷாரி

குவைத்,
25 ஜூலை 1987

அன்பு மிஷாரிக்கு,

நேற்று ரேடியோ கேட்டு உயிரே போய்விட்டது. அமெரிக்கக் கொடியோடு வந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று கண்ணிவெடியில் மோதியதாம். பெயர் மேப்பிள்வுட்டாம். ஜவ்ஹரா இல்லை! குலவையிட்டேன். தெரு முழுக்க ரஹஷ் மிட்டாய் கொடுத்தேன். "எவன் கப்பலோ வெடிச்சதுக்கு நீ ஏன்டி இனிப்பு தர்றே?" என்று அம்மா திட்டினார். "என் சக்களத்தி தப்பிச்சுட்டாம்மா" என்றேன்.

எத்தனை நாள்தான் அவளோடு குடித்தனம் நடத்துவீர்கள்? எண்ணெய்த் துறையில் கரைவேலை ஒன்று காலியாம், அண்ணன் ஃபஹத் சொன்னான். அவளை விட்டு இறங்குங்கள்.

லுல்வா

துபாய்,
30 ஜூலை 1987

லுல்வா,

முதலில் இதைப் படி: எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. யாருக்கும் இல்லை. இப்போது அடுத்ததைப் படி: மேப்பிள்வுட் நம் ஜவ்ஹராதான்.

என்ஜின் அறையில் இருந்தேன். தரை எம்பி இறங்கியது. விழுந்த ஓட்டைக்குள் லாரியே ஓட்டலாம்! ஆனால் வேடிக்கை அதற்குப் பிறகுதான். காவலுக்கு வந்த போர்க்கப்பல்களின் தகடு மெல்லிசு, இன்னொரு வெடி தாங்காது. எல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசைகட்டி வந்தன! "பாத்தியாடா, யாரு யாருக்குக் காவல்?" என்று கேப்டன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அன்றே எண்ணெய் விலை துள்ளியதாம். எங்கள் ஓட்டையை உலகமே எட்டிப் பார்க்கிறது. இந்த நேரத்தில் இறங்க மனம் வருமா, சொல். பழுதுபார்த்ததும் ஒரே ஒரு பயணம்.

மிஷாரி

குவைத்,
4 ஆகஸ்ட் 1987

மிஷாரி,

ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தை பிறந்தாள். உங்கள் மூக்கு, அழுகையில் உங்கள் பிடிவாதம். நீங்கள் பக்கத்தில் இல்லை.

புதுப் பெயர் என்று நீங்கள் எழுதியது நினைவே இல்லாமல், என் கணவன் காலடியில் வெடித்ததற்கு ஊருக்கே இனிப்புக் கொடுத்தவள் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் மிச்ச மிட்டாயைக் குப்பையில் கொட்டினேன். வெடியை மன்னித்துவிடுவேன். பெயரை எழுதாமல் விட்டதை மன்னிக்க மாட்டேன்.

ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரை ஒட்டித்தானே இனி ஊர் உங்களை இன்னாளின் அப்பா, 'அபூ' என்றும், என்னை அவள் அம்மா, 'உம்' என்றும் கூப்பிடும்? "உன் புருஷன் இப்ப அபூ யாருடி?" என்று தெருவே கேட்கிறது. சனிக்கிழமை வரைக்கும் அண்ணன் கரைவேலையைப் பிடித்துவைத்திருக்கிறான்.

நம் நாட்டிடம் நானும் பாடம் கற்றுக்கொண்டேன். நீங்கள் முதல் கடை. இழுத்தால், எதிர்க்கடையில் அம்மா பெயரோடு தயாராக உட்கார்ந்திருக்கிறார். மேப்பிள்வுட் என்றே வைத்துவிடப் போகிறோம். அதையாவது மறக்க மாட்டீர்கள்.

லுல்வா

தந்தி
துபாய், 6 ஆகஸ்ட் 1987

கப்பலை விட்டு இறங்கிவிட்டேன். நாளை விமானத்தில் வருகிறேன். என் மாமியாரைக் கடையைச் சாத்தச் சொல்.

அபூ ஜவ்ஹரா