இவருடைய கட்டியும் இரத்தமும்

சிங்கப்பூர், 4 மார்ச் 1985, திங்கள்
காலையிலிருந்து மழை. குவீன்ஸ்டவுன் பஸ் தாமதம். லேபில் இரண்டு தட்டு வைத்தேன். இரண்டிலும் எலிச் செல். ஒன்றில், ஆபரேஷனில் எடுத்த இவருடைய குடல் கட்டியின் டி.என்.ஏ., மற்றதில் இவருடைய இரத்தத்தின் டி.என்.ஏ. கணவரின் சதை என்று நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

மாமனாரும் குடல் புற்றுநோயில்தான் போனார். எங்கள் லேப் தலைவர் டாக்டர் லிம் கட்டியைச் சோதிக்க அனுமதி கேட்டபோது இவர் உடனே சம்மதம். என்னிடம், "எனக்கு வந்தது வந்துட்டுது. ரோஸிக்கும் வருமா? அத மட்டும் பாத்துச் சொல்லு." மகளுக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டி வரவே விடமாட்டேன் என்கிறார்.

12 மார்ச், செவ்வாய்
தட்டுகளில் ஒன்றுமில்லை. அரிசி வாங்கணும். ரோஸி சீருடை.
லேபில் பக்கத்து மேசை ஃபாத்திமா அக்கா என்ன சோதனை என்று கேட்டார். சொன்னேன். 'வளர்' என்ற செய்தி வெளியிலிருந்து வரும்; செல்லுக்குள் ஒரு புரதம் அதைக் கடத்திவிட்டு அணைந்துவிடும். அதன் ஜீனில் ஓர் எழுத்து மாறினால் அணையாது. யாரும் சொல்லாமலே செல் பெருகும். அந்த ஜீன் புகுந்தால் எலிச் செல்லும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்.
"ரத்தத் தட்டுலயும் குவிஞ்சா?"
"பொறப்புலயே இருக்குன்னு அர்த்தம். ரோஸிக்கும் போயிருக்கலாம்."


21 மார்ச், வியாழன்
நானே பார்த்தால் ஆசை கண்ணை மறைக்கும். தட்டுகளின் பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்து அக்காவிடம் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.
"இதுல குவியல் குவியலா இருக்கு லா."
"அடுத்தது?"
நெடுநேரம் பார்த்தார். "சுத்தம். ஒண்ணுமே இல்ல."
காகிதத்தை உரித்தோம். குவியல் இருந்தது கட்டித் தட்டு. சுத்தமாக இருந்தது இரத்தத் தட்டு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.
டாக்டர் லிம்: மறுபடி செய்து உறுதிப்படுத்தணும். மற்ற ஜீன்கள் பற்றி இது ஒன்றும் சொல்லாது.

22 மார்ச், வெள்ளி
வெயில். ஸ்கேனில் கல்லீரலிலும் பரவல். சர்ஜன் சொல்லிவிட்டுப் போனதும் இவர் கேட்டது, "லேப்ல என்னாச்சு?"
"கட்டியில மட்டும்தாங்க. ரத்தத்துல இல்ல."
"அப்ப ரோஸிக்கு?"
"நாங்க பாத்தது உங்ககிட்டேருந்து அவளுக்குப் போயிருக்காது. வேற ஏதாவது இருக்கான்னு தெரியல."
கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம். பிறகு, "நாளைக்கு அவள கூட்டிட்டு வா. அவ மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்துச்சு."

23 மார்ச், சனி
ரோஸி நேரே கட்டிலில் ஏறி அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டாள். நர்ஸ் இறக்கிவிட வந்தார். "இருக்கட்டும் சிஸ்டர்," என்றார் இவர். திங்களன்று இவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள்.