கிணற்றுக்குள் வத்தகப்பழம்

ஜூலை, செவ்வாய் இரவு. சீசாப் பகுதி, பலெர்மோ, இத்தாலி.

அந்தப் பாலைவனக் கிணறு இன்றைக்கும் என் மானத்தை வாங்கிவிட்டது. இரண்டு நாடுகளின் எல்லையில் இருக்கும் கிணறு அது. அதற்குள் தொங்கும் கருவி அனுப்புகிற அளவுகளைப் பலெர்மோவில் இருந்து பார்ப்பது என் வேலை. ஒரு கிழமையாக நீர்மட்டம் காலையில் ஏறுகிறது, மத்தியானம் இறங்குகிறது. அடுத்தவன்தான் ஏதோ செய்கிறான் என்று இரண்டு நாடுகளும் இந்த ஆய்வை நடத்தும் எங்கள் பேராசிரியைக்குப் புகார் அனுப்பிவிட்டன. வெள்ளிக்கிழமை நான் காரணம் சொல்ல வேண்டும்.

பொறுக்க முடியாமல், எட்டிப் பார்த்துப் படம் அனுப்பும்படி கிணற்றுக் காவலாளிக்கு எழுதினேன். அனுப்பினான். எங்கள் கருவியின் கம்பியில் ஒரு வலைப்பை. அதற்குள் மூன்று வத்தகப்பழங்கள், தர்ப்பூசணிகள், குளிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பாரத்தில் கருவி தாழ்ந்துபோய், நீர்மட்டம் ஏறியதாகக் காட்டியிருக்கிறது.

உடனே எடுக்கச் சொன்னேன்.

"ஒன்றுதான் என்னுடையது. மற்ற இரண்டும் அடுத்த நாட்டுக் காவலாளியுடையவை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார், அவரைக் கேட்காமல் எடுக்க முடியாது" என்று பதில் வந்தது.

குழாயில் தண்ணீர் வராததால் வாளித் தண்ணீரில் மீன் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் படத்தைக் காட்டினேன்.

"உதை றிப்போட்டிலை எழுதாதையும். ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்றார்.

"அப்ப வெள்ளிக்கிழமை நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவர் அடுத்த மீனை எடுத்துச் செதில் சுரண்டினார்.

மூன்றில் பெரிய பழம் எந்த நாட்டுடையது என்று காவலாளியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு புகார் வரும்.