தரைக்கு அடியில் வந்த நெருப்பு

டசாக் முனை,
மேற்கு ஃபாக்லாந்து.
பிப்ரவரி கடைசி.

அன்பு மகள் ரோனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கோழிகளும் சுகம். அங்கே இங்கிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஏப்ரலில் பிரசவத்துக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொன்னோமே, அதற்குள் இங்கே வீடே எரிந்து போகப் பார்த்தது. படித்துவிட்டுப் பயப்படாதே, பிழைத்துவிட்டோம். உனக்கு அங்கே குளிர்காலம், இங்கே கோடை; இந்தக் கோடையில் மழையே இல்லை. பிறந்ததிலிருந்து கரிமண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்து வாழ்கிற உன் அப்பா, சாம்பலைத் தண்ணீர் விட்டு அணைக்காமல் வேலிக்குப் பின்னால் கொட்டிவிட்டார். அதில் ஒரு கங்கு இருந்திருக்கிறது. மேலே புல் பச்சையாகத்தான் இருந்தது, நெருப்போ அடியில் இருக்கும் கரிமண்ணைத் தின்றுகொண்டே வீட்டைப் பார்த்து வந்திருக்கிறது. துணி காயப்போடப் போனேன், பூட்ஸுக்குள் கால் சுட்டது. வாளி வாளியாக ஊற்றினோம், ஒரு சீறு சீறிவிட்டு அது பாட்டுக்கு வந்தது.

ரேடியோவில் ஒரு தடவைதான் சொன்னேன். பாதி ரோமம் கத்தரித்த ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு சுற்றுப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சிலியிலிருந்து வந்து பக்கத்துப் பண்ணையில் இருக்கிறாளே இனெஸ், அவள் மண்வெட்டியோடு ஜீப்பிலிருந்து குதித்து, "என்ன அண்ணே, குளிருதுன்னு தீவுக்கே அடுப்பு மூட்டிட்டீங்களா?" என்றாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டைச் சுற்றி, அடியில் இருக்கும் எரியாத களிமண் தட்டும்வரை பள்ளம் வெட்டினார்கள். ஆனால் நெருப்பு அதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டதா என்று யாருக்குத் தெரியும்?

விடிந்ததும் கதவைத் திறந்தேன். கோடையில் உறைபனி, ரோனா! சரிவு முழுக்க வெள்ளை. நடுவில் நெருப்பு வந்த வழி மட்டும் பனி உருகிக் கறுப்பாக, ஆவி விட்டுக்கொண்டு, ஓடை மாதிரி வளைந்து கிடந்தது. காட்டு வாத்துகள் குஞ்சு குட்டியோடு அதன்மேல் உட்கார்ந்து குளிர்காய்ந்தன. அந்தக் கறுப்புத் தடம் பள்ளத்தின் விளிம்போடு நின்றிருந்தது. இந்தப் பக்கம் வாசற்படி வரைக்கும் பனி துளியும் கலையவில்லை. முப்பது வருஷமாக மிதித்த மண்ணை அன்றைக்குத்தான் பார்த்தது போல இருந்தது, அழுதுவிட்டேன். இனெஸ் சிலுவைக்குறி போட்டாள். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

குளிர்காலம் வரை புகையும், ஆள் காவல் இருக்க வேண்டும். முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. "மூட்டினவன் நான்தானே, நான்தான் இருக்கணும். நீ போ" என்கிறார். அதனால் நான் மட்டும் வருகிறேன். அவர்மேல் கோபப்படாதே.

தாயும் சேயும் நல்லபடியாகப் பிரிந்து, பிள்ளை ஆயுசோடு வளரக் கடவுள் துணை இருப்பார். பிறந்ததும் முதல் போன் அப்பாவுக்குத்தான் போட வேண்டும். எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே, மணி நன்றாக அடிக்கட்டும். பள்ளத்தங்கரையிலிருந்து அவர் ஓடி வர வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மோரா