உன்னிடம் மறைத்த ஒன்பது நாட்கள்

ஜுபைல், சவூதி அரேபியா,
ஜூன் 12, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தத் தடவை உண்மையாகவே சுகம், ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் சொல்ல வாயெடுப்பேன், அதற்குள் நீ டியூட்டிக்குக் கிளம்புவாய், இல்லையென்றால் அம்மா குறுக்கே வந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எதிர்வீட்டு ஷம்சியா அக்கா அடுத்த வாரம் சிகாகோவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறார், அங்கிருந்து உனக்குப் பார்சல் போட்டுவிடுகிறேன் என்றார், அதோடு இதையும் வைக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும், பரவாயில்லை, லீவு நாளில் மெதுவாகப் படி.

பார்சலில் மேலாக இருப்பது உன் தடுப்பூசி அட்டை. கல்லூரியில் கேட்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றே தேட ஆரம்பித்தோம், அம்மா அதை உன் எல்.கே.ஜி. ரிப்போர்ட் கார்டுகளுக்குள் செருகி வைத்திருந்தாள். பாதி அரபியில் இருப்பதால் மொழிபெயர்க்கிற ஆபீசில் கொடுத்து ஆங்கிலத்தில் முத்திரையோடு வாங்கி, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன், பிரித்துவிடாதே. ஒன்றரை வயதில் போட்ட ஊசிக்கு அந்த நர்ஸின் கையை நீ கடித்து வைத்தது மட்டும் அட்டையில் இல்லை. மஞ்சள் காமாலைக்கான மூன்றாவது ஊசியின் தேதி அழிந்திருக்கிறது, அங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும், தேவைப்பட்டால் மறுபடி போட்டுவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். எந்த டாக்டர் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் மே மாதம், நீ விண்ணப்பம் போட்ட பதினான்கு மருத்துவக் கல்லூரியும் இடம் இல்லை என்று சொன்ன பிறகு, ஒரு மாதம் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். அப்போது நான் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கிளினிக்கில் உட்கார்ந்து டாக்டர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலையை எத்தனை நாளைக்குப் பார்ப்பாய், திரும்பி வா, தம்மாமில் ஒரு லேபில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். நீ வரவில்லை. ஜூனில் கூப்பிட்டு, இந்தத் தடவை டி.ஓ. கல்லூரிகளுக்கும் போடப் போகிறேன் என்றாய். "எம்.டி. கிடைக்கலேன்னா இது எதுக்கு? எலும்ப நீவி விடுற படிப்புக்கா உன்ன அமெரிக்கா அனுப்பிச்சேன்?" என்று கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய், டி.ஓ.வும் முழு டாக்டர்தான், மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம், அதோடு கையால் தொட்டு உடம்பைப் புரிந்துகொள்ளவும் தனியாகச் சொல்லித் தருவார்கள் என்று. நான் காதில் வாங்கவில்லை. "யூ ஆர் நாட் லிசனிங், ப்பா. நான் சொல்றத நீங்க கேக்கவே மாட்டேங்கறீங்க" என்று ஃபோனை வைத்தாய். அதன் பிறகு நாலு மாதம் நீ அம்மாவோடு மட்டும் பேசினாய், நான் பக்கத்து நாற்காலியில் ஏதோ படிக்கிற மாதிரி உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் உனக்குத் தெரியாது. தமிழ்ச் சங்கத்தில் யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால், ரிசர்ச் பண்ணுகிறாள் என்று பொய் சொல்லி வைத்தேன். என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான், வேறென்ன. இதைச் சொல்லாமல் உன் சந்தோஷத்தில் பங்கு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆகஸ்டிலிருந்தே அம்மாவுக்கு முதுகுவலி இருந்தது. வலது பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே. அரிசி மூட்டையைத் தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று நாங்களே முடிவு செய்து தைலம், ஸ்ப்ரே, வெந்நீர்ப் பை என்று ஓட்டினோம். இரண்டு இடத்தில் காட்டினோம், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சதைப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலையில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நம்ம பொண்ணு படிக்கப் போற படிப்பு என்னன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதே படிப்பு படிச்ச டாக்டர் ஒருத்தர் கோபார்ல இருக்காராம், நானும் ஷம்சியா அக்காவும் நெட்டுல தேடிக் கண்டுபிடிச்சுட்டோம். என் முதுக அவருகிட்டதான் காட்டுவேன். நீங்க கார் ஓட்டுனா போதும்" என்றாள். அவளுக்கு வலி ஒரு பக்கம், என் மேல் கோபம் ஒரு பக்கம். நான் கார் சாவியை எடுத்தேன்.

அவர் பெயர் டாக்டர் மஹதி. பெற்றோர் சூடான்காரர்கள், படித்ததெல்லாம் அமெரிக்காவில். கதவிலிருந்த பலகையில் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இரண்டு எழுத்து இருந்தது, நான் அதைப் பார்க்காதவன் போல உள்ளே போனேன். நாங்கள் கொண்டுபோன எக்ஸ்ரேயை அவர் ஓரமாக வைத்துவிட்டு, எப்போது வலிக்கிறது, என்ன சாப்பிட்டால் வலிக்கிறது, இரவில் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று அம்மாவிடமே கேட்டார், நான் பதில் சொல்லப் போனால் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அனுமதி கேட்டு, நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதுகில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் முப்பது வருடமாகப் பிளாண்டில் பம்ப்பின் மேல் கை வைத்து எந்த பேரிங் போகப் போகிறது என்று பார்க்கிறவன், அந்த மாதிரி நிற்கிற ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியும், அவர் அங்கே எதையோ தேடிக்கொண்டிருந்தார். அம்மாவைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை நன்றாக இழுங்கள் என்றார். அம்மாவுக்கு மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது, முகம் வெளுத்துப் போயிற்று. அவர் உடனே கையை எடுத்துவிட்டு, முதுகில் கோளாறு இல்லை, பித்தப்பையில் இருக்கிறது, அதன் வலிதான் முதுகில் தெரிகிறது என்றார். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே கல், பை வீங்கிச் சீழ் பிடிக்கிற நிலை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அட்மிட் செய்தோம். இன்னும் சில நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

புதன்கிழமை ஆபரேஷன். வியாழக்கிழமை உனக்கு டி.ஓ. கல்லூரியின் அந்த வீடியோ இன்டர்வியூ. உன்னிடம் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு, "அவ காதுக்கு இது போச்சுன்னா உங்களோட பேசவே மாட்டேன்" என்றாள் அம்மா. இங்கே மணி மூன்று, உனக்குக் காலை எட்டு, இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு மணி நேரம், நீ ஆசீர்வாதம் வாங்கக் கூப்பிட்டாய். நெட் சரியில்லை, கேமரா வரவில்லை என்று அம்மா சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. பின்னால் அடித்துக்கொண்டிருந்த மிஷினை நர்ஸிடம் சைகை காட்டிக் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னாள். "அம்மா, வாய்ஸ் ஏன் டல்லா இருக்கு?" என்று நீ கேட்டாய், "இப்பத்தான்டி தூங்கி எந்திரிச்சேன், நீ தைரியமா பேசு, கேள்விய முழுசா கேட்டுட்டு பதில் சொல்லு" என்றாள். இரண்டு நிமிடம் அவள் பேசியதற்கு அரை மணி நேரம் மூச்சு வாங்கினாள். நான் வராந்தாவில் போய் நின்று, இத்தனை நாள் பேசாத மகளுக்கு ஆல் த பெஸ்ட் என்று ஒரு மெசேஜ் போட்டேன், நீ ஒரு இதயம் அனுப்பினாய். அந்த ஒன்பது நாளும் ஷம்சியா அக்கா தினம் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தார், என் டியூட்டியைக் கூட வேலை பார்க்கும் பன்னீர்செல்வம் சேர்த்துப் பார்த்தான். உன்னிடம் மறைத்தது தப்புதான். ஆனால் நீ இதை வேறு விதமாகவும் யோசித்துப் பார்க்க வேண்டும். நீ அந்த இரண்டாவது விண்ணப்பத்தைப் போடாமல், நான் சொன்னபடி திரும்பி வந்திருந்தால், உன் அம்மா அந்த டாக்டரைத் தேடிப் போயிருக்க மாட்டாள். என் பேச்சைக் கேட்காமல் இருந்தாயே, அதற்காக உனக்கு நன்றி சொல்கிற முதல் அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

நவம்பரில் உனக்கு இடம் கிடைத்த அன்று என்ன நடந்தது என்பதும் உனக்கு முழுதாகத் தெரியாது. பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன், ஃபோனை வாசல் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் வெளியே வந்து எடுத்தால் அம்மாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்து உடனே கூப்பிட்டேன். எடுத்ததும் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, கடைசியில் "கிடைச்சிருச்சுங்க" என்ற ஒரு வார்த்தை வந்தது. நான் லாக்கருக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் மயக்கம் என்று நினைத்து பன்னீர்செல்வம் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். "எம் பொண்ணு டாக்டராவப் போவுதுடா" என்று சொன்னேன், அவன் அந்தத் தண்ணீரை என் தலையிலேயே ஊற்றிவிட்டு கம்பெனி பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். அந்த வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில், ரிசர்ச் என்று நான் சொன்ன ஒவ்வொருவரிடமும் போய், அது பொய், அவள் டி.ஓ. டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று சொன்னேன். டி.ஓ. என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லி அன்று எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

லட்டு வாங்கிக்கொண்டு டாக்டர் மஹதியைப் பார்க்கப் போனோம். அம்மா தன் ஆங்கிலத்தில், மை டாட்டர் கோயிங் டு பிகம் லைக் யூ என்றாள், அவர் எழுந்து நின்று கை குலுக்கினார். உனக்குச் சொல்லச் சொல்லி மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார், பார்சலில் இருக்கிறது. முதல் மூன்று மாதம் கைக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் தெரிகிறது என்பார்கள், நீ தெரிந்த மாதிரி நடிக்காதே, தெரியவில்லை என்று சொல்லி மறுபடி கையை வை, ஒரு நாள் தானாக வரும் என்று எழுதியிருக்கிறார். எனக்கு இதைவிட நல்ல புத்தி சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை, அந்த வகுப்பில் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கை வைத்துப் பழக வேண்டுமாமே, அரைக்கால் சட்டையோடு படுக்க வேண்டுமாமே என்கிறாள். டாக்டர் படிப்பில் வெட்கம் பார்க்க முடியாது என்று நான் சொல்லியிருக்கிறேன், அதனால் அவள் உனக்கு நாலு கறுப்பு டி-ஷர்ட் வாங்கி வைத்திருக்கிறாள், எல்லாம் ஒரு சைஸ் பெரியது. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நீ கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் மூன்றும் இரண்டு கவரில் சுற்றியிருக்கிறது.

உடல்கூறு வகுப்பில் முதல் நாள் கத்தியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லு. உனக்கு முன்னால் படுத்திருப்பவர், முகம் தெரியாத உனக்காகத் தன் உடம்பையே கொடுத்துவிட்டுப் போனவர். மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுத் தொடங்கு. அன்று சாப்பாடு இறங்கவில்லை என்றால் மோர் சாதம் போதும். வெள்ளைக் கோட்டு போட்டுவிடும் விழா ஆகஸ்டில் என்கிறாய், எங்களுக்கு விசா இன்டர்வியூ செப்டம்பரில்தான் கிடைத்திருக்கிறது, எவ்வளவு முயற்சி செய்தும் முன்னால் தள்ள முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாவே ஒரு முடிவு சொன்னாள். நீ வேலை பார்க்கிற கிளினிக்கின் டாக்டரம்மா இரண்டு தடவையும் உனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினாரே, முதல் தடவை ஆகவில்லை என்றதும் உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாரே, அவரைக் கூப்பிடு. நாங்கள் செய்யாததை அவர் செய்திருக்கிறார், அந்தக் கோட்டை உன் தோளில் போட அவருக்குத்தான் உரிமை. வீடியோ கால் போட்டு ஃபோனை எங்காவது சாய்த்து வை, நாங்கள் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறோம்.

நீ எடுத்த காரியம் எல்லாம் குறைவில்லாமல் நடக்க வேண்டும், உன் கை பட்டவர்களுக்கு வலி குறைய வேண்டும், வாழ்நாளெல்லாம் நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். வெள்ளிக்கிழமை கூப்பிட மறக்காதே, வேலை இருந்தால் ஐந்து நிமிடம் போதும். இனி நம் மூன்று பேருக்குள்ளும் ஒரு பேச்சு. உனக்குக் காய்ச்சல் என்றாலும், பரீட்சையில் தவறினாலும் எங்களிடம் மறைக்கக் கூடாது, நாங்களும் உன் பரீட்சைக்கு முதல் நாளாக இருந்தாலும் மறைக்க மாட்டோம். அதை இப்போதே தொடங்கிவிடுகிறேன். எனக்கு மார்ச்சிலிருந்து பிரஷர் மாத்திரை, காலையில் ஒன்று. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது, தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள், ஆனால் நான் டியூட்டிக்குப் போன பிறகு பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாள். வேறு ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
கல்யாணசுந்தரம்

எல்லாம் படித்தேன், எல்லாம் நிஜம். பேரீச்சம்பழம் மட்டும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். — அம்மா, தாமரை