வேலை செய்ய ஏலாத நாட்கள்

மகளின் பாடப்புத்தகங்களுக்கு உறை போட இன்று பிரவுண் பேப்பர் வாங்கி வந்தேன். சுருளைப் பிரித்ததும் வந்த வாசனையில் கை அப்படியே நின்றுவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் ஆய்வு செய்த சின்ன அறைச் சுவரில் நீ ஒட்டியதும் இதே தாள்தான்.

கலாநிதிப் பட்டத்துக்கான என் ஆய்வேட்டை ஒப்படைக்கும் தவணை முடிய அப்போது எட்டு மாதமே இருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் முதுகுவலிதான் என் ஆய்வு. அவர்களிடம் பேச நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டமொன்றுக்குப் போனேன். நான் போன அந்த வாரம் பார்த்து அங்கே மாரியம்மன் திருவிழா. பேச ஒருவரும் கிடைக்கவில்லை. அடுத்து மழை பிடித்துக்கொண்டது. வெறுங்கையோடு திரும்பி வந்து, இந்தப் படிப்பே வேண்டாம் என்று மேசையில் கவிழ்ந்து அழுதேன். நீயோ சிரித்தாய்.

“எடியே, தோட்டத்திலை பிறந்த உனக்கே திருவிழா தெரியேல்லையோ?”

உன் யாழ்ப்பாணத்துக் கேலியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ அதைக் கண்டுகொள்ளாமல் தாளை விரித்து, ஆளுக்கொரு வரிசையாக நாட்களுக்குக் கட்டம் போட்டாய்.

“முதல்லை வேலை செய்ய ஏலாத நாளையெல்லாம் வெட்டு. மிஞ்சிறதுதான் உன்ர நாள்.”

போயா எனும் பௌர்ணமி விடுமுறை, திருவிழா, மழை மாதம், விடைத்தாள் திருத்தும் கிழமைகள் எல்லாம் வெட்டியபின் மிஞ்சியவை கொஞ்ச நாட்களே. ஆனாலும் நடக்கக்கூடிய ஒரு திட்டம் அன்றுதான் முதன்முதலாக என் கைக்கு வந்தது. உன் வரிசையில் புதன்கிழமைகள் மட்டும் காரணம் எழுதாமல் வெட்டப்பட்டிருந்தன.

“இது என்னா, புதன் பூராவும் வெட்டியிருக்க?”

“அது என்ர சொந்த அலுவல். நீ உன்ர கட்டத்தைப் பார்.”

பார்த்தேன். என் கட்டங்களை மட்டுமே பார்த்தேன். தவணைக்கு நான்கு நாள் இருக்க ஆய்வேட்டை ஒப்படைத்தும் விட்டேன். அந்தக் கிழமையே நீ, “வீட்டை போட்டு வாறன்” என்று யாழ்ப்பாணம் போனாய். திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து உன் புத்தகங்களை எடுக்க வந்த உன் அண்ணாதான், நீ இறந்ததையும், புதன்தோறும் கண்டியில் புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போய்வந்ததையும் சொன்னார். உன் ஆய்வேடு கடைசி அத்தியாயம் இல்லாமல் நின்றுபோனது.

இப்போது ஆய்வு மாணவர்களுக்கு உன் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பாராட்டு எனக்குக் கிடைக்கிறது, வெட்கமாக இருக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போய் எங்கே வலிக்கிறது என்று அத்தனை பெண்களிடமும் கேட்டவள் நான். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.